மேல்மண்ணில் நிக்கல் 145, குரோமியம் 210: மாசா, பாறையின் இயல்பா?

#1 ஏர்க்கால்

ஒரு வயலில் 0–20 செ.மீ. ஆழத்தில் எடுத்த மண்ணின் முடிவுகள். எல்லாம் உலர் எடைக்கு, கிலோவுக்கு மில்லிகிராம் (மிகி/கிகி):

குரோமியம் 210
நிக்கல் 145
கோபால்ட் 38
செம்பு 92
துத்தநாகம் 118
ஈயம் 13
காட்மியம் 0.22
ஆர்சனிக் 3.5

இரும்பு 7.8%, களி 52%, கரிமக் கார்பன் 0.7%, பி.எச். 7.9. ராஜ திராவகத்தில் (ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக் அமிலக் கலவை) கரைத்து, தனிமங்களை நிறைவாரியாகப் பிரித்து அளக்கும் ஐ.சி.பி.-எம்.எஸ். கருவியில் அளந்திருக்கிறார்கள். அறிக்கையின் அடியில் ஒரு வரி: "புவி மேலோட்டுச் சராசரியோடு ஒப்பிடுகையில் நிக்கல், செம்பு மிதமான மாசு, குரோமியம் லேசான மாசு."

அக்கம்பக்கத்தில் தொழிற்சாலை, சுரங்கம், கழிவுநீர்ப் பாசனம் எதுவும் கிடையாது. கோடையில் ஆழமாக வெடிக்கும் கறுப்புக் களிமண். இதை மாசு என்று எடுத்துக்கொள்வதா? இயற்கைப் பின்னணி அளவு என்று எந்த எண்ணை வைத்து ஒப்பிடுவது?

#2 தாதுமணல்

அறிக்கையில் அந்த வரியை எழுதியவர் போட்ட கணக்கு எது என்று ஊகிக்க முடிகிறது. அது புவிச்சேர்மானக் குறியீடு. 1969-இல் முல்லர் ஆற்றுப்படிவுகளுக்காகச் சொன்னது. மண்ணிலுள்ள அளவைப் பின்னணி அளவின் 1.5 மடங்கால் வகுத்து, 2-ஐ அடியாகக் கொண்ட மடக்கை எடுக்க வேண்டும். சுழிக்குக் கீழே வந்தால் மாசில்லை, 0–1 லேசு, 1–2 மிதம்.

மேலோட்டுச் சராசரியில் நிக்கல் 47, குரோமியம் 92, செம்பு 28. போட்டுப் பாருங்கள்: நிக்கல் 1.04, குரோமியம் 0.61, செம்பு 1.13. அறிக்கை சொல்வது சரியாக வந்துவிட்டது.

இப்போது பின்னணி எண்ணை மட்டும் மாற்றுவோம். வெடிக்கும் கறுப்புக் களி, இரும்பு 7.8%, நிக்கல்-குரோமியம்-கோபால்ட் மூன்றும் சேர்ந்தே உயர்ந்திருக்கின்றன, ஈயம் குறைவு. இது பசால்ட் பாறை மக்கிய மண்ணுக்கு உரிய சாயல். 1961-இல் துரேக்கியனும் வெடபோலும் தொகுத்த அட்டவணையில் பசால்ட்டின் சராசரி: நிக்கல் 130, குரோமியம் 170, கோபால்ட் 48, செம்பு 87, துத்தநாகம் 105, ஈயம் 6, காட்மியம் 0.22, ஆர்சனிக் 2, இரும்பு 8.65%. இதை வைத்தால் நிக்கல் −0.43, குரோமியம் −0.28, செம்பு −0.50. மூன்றுமே "மாசில்லை".

மண் அதேதான், ஆய்வகமும் அதேதான். மாறியது வகுக்கும் பின்னணி எண் மட்டும். அதனால் மேலோட்டுச் சராசரியை வயல் மண்ணுக்கு அளவுகோலாக வைப்பதை நான் ஏற்பதே இல்லை. அந்தச் சராசரியில் கிரானைட்டும் உண்டு, களிப்பாறையும் உண்டு. எந்த வயலும் அந்தச் சராசரிப் பாறையின் மேல் உட்கார்ந்திருக்கவில்லை. அதே அட்டவணையில் களிப்பாறைக்கு நிக்கல் 68, குரோமியம் 90, செம்பு 45, ஈயம் 20, ஆர்சனிக் 13. கிரானைட் மண்ணில் நிக்கல் ஒற்றை இலக்கத்துக்கே இறங்கும். செர்பென்டைன் பாறை மண் என்றால் நிக்கல் 1000-ஐத் தாண்டுவது சாதாரணம், குரோமியம் அதற்கும் மேலே போகும். "விவசாய மண்ணில் நிக்கலின் இயல்பளவு இவ்வளவு" என்று ஒற்றை எண்ணில் யார் சொன்னாலும், முதலில் எந்தப் பாறை என்று கேளுங்கள்.

#3 அமிலக்குடுவை

பாறை பற்றிச் சொன்னது சரி. ஆனால் தாதுமணல் ஒரு இடத்தில் வேகமாகப் போய்விட்டார். அவர் எடுத்த பசால்ட் எண்கள் பாறையின் *முழு* அளவு. ஏர்க்கால் கையில் இருப்பது ராஜ திராவகத்தில் *கரைந்த* அளவு. இரண்டும் ஒன்றல்ல.

ஐ.எஸ்.ஓ. 11466 முறை இப்படி: 3 கிராம் மண், அதில் 21 மி.லி. அடர் ஹைட்ரோகுளோரிக், 7 மி.லி. அடர் நைட்ரிக். அறை வெப்பத்தில் 16 மணி நேரம் விட்டு, பிறகு 2 மணி நேரம் மீள்வடிப்பில் கொதிக்க வைத்து, 100 மி.லி.க்கு நிரப்புவது. இதில் சிலிக்கேட் படிகக் கூடு உடையாது. காட்மியம், செம்பு, துத்தநாகம், ஈயம் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். குரோமியம்தான் வம்பு. அது குரோமைட் தாதுவில் அடைந்திருந்தால் ராஜ திராவகம் தொட்டும் பார்க்காது. பல மண்களில் முழு அளவில் பாதிக்கும் கீழேதான் கிடைக்கும். நிக்கல் இரண்டுக்கும் நடுவில்.

முழு அளவு வேண்டுமானால் ஹைட்ரோஃபுளோரிக் சேர்த்த நான்கு அமிலக் கரைப்பு வேண்டும். அதிலும் குரோமைட், சிர்கான் மிச்சம் நிற்கும். அல்லது எக்ஸ்.ஆர்.எஃப். (கரைக்காமல் எக்ஸ் கதிர் பாய்ச்சி அளக்கும் முறை). அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் 2007–2010-இல் 4857 இடங்களில் எடுத்த மண் தொகுப்பு நான்கு அமில முறையில் செய்தது. ஐரோப்பாவின் கெமாஸ் விவசாய மண் தொகுப்பில் ராஜ திராவகமும் உண்டு, எக்ஸ்.ஆர்.எஃப். முழு அளவும் உண்டு. உங்கள் ராஜ திராவக எண்ணைக் கெமாஸின் ராஜ திராவகப் பத்தியோடு ஒப்பிடலாம். அமெரிக்கத் தொகுப்போடு ஒப்பிட்டால் குரோமியத்தில் நீங்கள் இருப்பதைவிடச் சுத்தமாகத் தெரிவீர்கள்.

இன்னொன்று: ராஜ திராவகத்தில் குளோரைடு மிகுதி. ஐ.சி.பி.-எம்.எஸ். கருவிக்குள் ஆர்கான் 40-உம் குளோரின் 35-உம் சேர்ந்து நிறை 75-இல் வந்து நிற்கும். ஆர்சனிக்கின் நிறையும் 75. இந்தக் கலப்பை விலக்கும் ஹீலியம் மோதல் அறையை இயக்காமல் அளந்தால் ஆர்சனிக் பொய்யாக ஏறும். 3.5 என்பது ஏறின எண்ணாகத் தெரியவில்லை, இருந்தாலும் எந்த முறையில் அளந்தார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

#4 மண்புழு77

//எந்த எண்ணை வைத்து ஒப்பிடுவது?//

நெதர்லாந்தில் களியையும் கரிமப்பொருளையும் வைத்து ஒரு சூத்திரம் இருந்ததே, அது சுலபம். களி சதவீதம் க, கரிமப்பொருள் சதவீதம் ப என்று வைத்துக்கொண்டால்:

நிக்கல் = 10 + க
குரோமியம் = 50 + 2க
செம்பு = 15 + 0.6(க + ப)
துத்தநாகம் = 50 + 1.5(2க + ப)
ஈயம் = 50 + க + ப
காட்மியம் = 0.4 + 0.007(க + 3ப)

மணல் மண்ணுக்கு ஒரு எண், களிமண்ணுக்கு ஒரு எண் என்று தானே பிரித்துக் கொடுத்துவிடும்.

#5 தாதுமணல்

சூத்திரத்தின் அடிப்படை நல்லது. களி கூடினால் உலோகம் கூடும் என்பது பெரும்பாலும் பொருந்தும். ஆனால் அதிலுள்ள எண்கள் ஆற்று வண்டல் படிந்த நாட்டுக்கு அளந்தவை. இந்த மண்ணுக்குப் போடுங்கள். களி 52, கரிமப்பொருள் 0.7 × 1.72 = 1.2 (கரிமக் கார்பனை 1.72-ஆல் பெருக்கினால் கரிமப்பொருள்). நிக்கல் 62 வரும், செம்பு 47, குரோமியம் 154, துத்தநாகம் 208. அதாவது நிக்கல் இரண்டு மடங்குக்கு மேல் "மிகை", துத்தநாகம் பாதிதான். பசால்ட் களியை ஆற்று வண்டல் களியால் அளந்தால் இப்படித்தான் ஆகும். சூத்திரத்தின் வடிவத்தை எடுத்துக்கொள்ளலாம், கெழுக்களை அந்தந்த மண்ணிலிருந்து புதிதாகப் பொருத்த வேண்டும்.

களிக்குப் பதில் இரும்பை அளவுகோலாக வைப்பது இந்த மாதிரி மண்ணுக்கு இன்னும் நன்றாக வேலை செய்யும். நிக்கல், குரோமியம், கோபால்ட், ஓரளவு செம்பும் துத்தநாகமும் இரும்போடு சேர்ந்து நகரும். நெல் வயல் என்றால் எச்சரிக்கை: மாதக்கணக்கில் நீர் நின்றால் இரும்பே ஒடுங்கிக் கரைந்து இடம் மாறும். அங்கே அலுமினியம் அல்லது ஸ்காண்டியம்.

#6 கணக்குப்பிள்ளை

ஐ.எஸ்.ஓ. 19258 இரண்டு விஷயங்களைப் பிரிக்கிறது. ஒன்று, பாறையும் மண்ணாக்கமும் மட்டும் தந்த அளவு. மற்றது, அதோடு காற்றில் வந்து படிந்ததும் வழக்கமான வேளாண்மை சேர்த்ததும் கூடிய அளவு. தினசரிப் பேச்சில் இரண்டையும் "பின்னணி" என்றே சொல்லிவிடுகிறோம், பாதிச் சண்டை அங்கேதான். பிரச்சினை உள்ள மண்ணா என்று பார்க்க இரண்டாவது போதும். யார் சேர்த்தது என்று பார்க்க முதலாவது வேண்டும்.

அதோடு பின்னணி என்பது ஒரு வீச்சு. ஒரே பாறை, ஒரே மண்வகையில் குறைந்தது 30 மாதிரியாவது இருந்தால்தான் மேல் எல்லை பற்றிப் பேசவே முடியும். அந்த மேல் எல்லையைச் சராசரி + 2 திட்டவிலக்கம் என்று போடும் பழக்கத்தை விடுங்கள். எடுத்துக்காட்டுக்கு ஒன்பது நிக்கல் மதிப்புகள்:

40, 44, 47, 50, 52, 55, 58, 61, 400

சராசரி 89.7, திட்டவிலக்கம் 116.6. எல்லை 323. எட்டு மாதிரிகள் 61-ஐத் தாண்டவில்லை, எல்லையோ 323! இன்னொரு மாதிரி 300 வந்து சேர்ந்தால் எல்லை 368-க்கு ஏறும். அந்த 300 "இயல்பு" ஆகிவிடும். வெளிப்புள்ளி தனக்குத் தானே கதவைத் திறந்துவிடுகிறது.

இடைநிலையை, அதாவது வரிசையின் நடு எண்ணை எடுங்கள்: 52. அதிலிருந்து ஒவ்வொன்றின் விலகல், அந்த விலகல்களின் இடைநிலை 6. அதைத் திட்டவிலக்கத்துக்கு இணையாக்க 1.4826-ஆல் பெருக்கினால் 8.9. எல்லை = 52 + 2 × 8.9 = 70. அந்த 300-ஐச் சேர்த்தாலும் 74-தான் ஆகும். உண்மைத் தரவில் இதை மடக்கை எடுத்த பிறகு செய்யுங்கள், சுவட்டுத் தனிமங்கள் வலப்பக்கம் வால் நீண்டே இருக்கும்.

கண்டறியும் எல்லைக்குக் கீழே வந்த மாதிரிகளுக்குப் பாதி எல்லையை நிரப்புவது, அவை நூற்றில் பத்துப் பதினைந்துக்குள் இருந்தால் போகட்டும். காட்மியத்தில் பாதி மாதிரி "கண்டறியப்படவில்லை" என்று வந்திருக்கும்போது அப்படி நிரப்பிச் சராசரி எடுப்பது நாமே எழுதிக்கொண்ட எண்.

#7 ஏர்க்கால்

ஒப்பிட 30 மாதிரி கையில் இல்லை. அதே வயலில் ஆழமாக எடுத்து ஒப்பிடலாமா? எப்படி எடுக்கணும், என்னென்ன கவனிக்கணும்?

#8 மண்புழு77

ஆழ மாதிரி நல்ல வழி. 0–20, 20–40, 60–80, முடிந்தால் 100-க்குக் கீழே மக்கிய பாறை வரை.

மேல்மண்ணுக்கு வயலில் கோணல்மாணலாக நடந்து 15 முதல் 25 இடத்தில் துளையிட்டு ஒன்றாகக் கலக்கணும். வரப்போரம், எரு குவித்த இடம், மின்கம்பத்தடி, வண்டித்தடம், கம்பிவேலியோரம் எல்லாம் விலக்குங்க. துத்தநாகப் பூச்சு பூசிய வேலிக்கம்பியிலிருந்து மழையில் வடியும் துத்தநாகம் வேலியடி மண்ணில் நன்றாகவே தெரியும்.

ஆழ மாதிரிக்கு 4–5 குழி போதும். மேலிருந்து கீழே எடுத்துக்கொண்டே போனால் மேல்மண் உதிர்ந்து கீழே கலக்கும். குழி வெட்டி, பக்கச்சுவரை பிளாஸ்டிக் கரண்டியால் சீவிவிட்டு, அடியிலிருந்து மேலே எடுங்க. ஒவ்வொரு ஆழமும் தனிப்பை. துத்தநாகப் பூச்சு வாளி, பெயிண்ட் அடித்த மண்வெட்டி வேண்டாம். பிளாஸ்டிக் வாளி, துருப்பிடிக்காத எஃகுத் துளைப்பான்.

#9 அமிலக்குடுவை

வயலில் பார்த்துப் பார்த்து எடுத்துவிட்டு ஆய்வகத்தில் கெடுப்பதுதான் அதிகம் நடக்கிறது. கேட்டு வாங்க வேண்டியவை:

உலர்த்தல் 40° செல்சியஸுக்குள். பாதரசம் பார்க்கணும் என்றால் அதற்கு மேல் போகவே கூடாது, ஆவியாகும். சல்லடை 2 மி.மீ., நைலான் அல்லது துருப்பிடிக்காத எஃகு. பித்தளைச் சல்லடை செம்பும் துத்தநாகமும் தரும். அரைக்க அகேட் அல்லது சிர்கோனியா. கடின எஃகுக் கிண்ணத்தில் அரைத்தால் குரோமியமும் மாங்கனீசும் ஏறும். டங்ஸ்டன் கார்பைடில் அரைத்தால் கோபால்ட் ஏறும். கோபால்ட் திடீரென்று தனியாக உயர்ந்து, நிக்கல் உயராமல் நின்றால் முதலில் அரவைக் கிண்ணத்தைச் சந்தேகப்படுங்கள்.

எல்லா ஆழமும் ஒரே தொகுதியில் ஓடட்டும். மேல்மண்ணை ஒரு நாளும் அடிமண்ணை மூன்று மாதம் கழித்தும் அளந்தால் அந்த வேறுபாட்டில் பாதி அளவுதிருத்தக் கோட்டின் வேறுபாடு. இருபது மாதிரிக்கு ஒரு வெற்று (மண் இல்லாமல் அமிலம் மட்டும்), ஒரு இரட்டை (அதே மண் இரண்டாம் முறை), ஒரு சான்றளிக்கப்பட்ட மேற்கோள் மண் (அளவு முன்பே தெரிந்தது). மேற்கோள் மண்ணின் சான்றிதழில் பெரும்பாலும் முதல் பக்கத்தில் இருப்பது முழு அளவு. ராஜ திராவக முடிவை அதோடு ஒப்பிட்டு "குரோமியம் மீட்பு 60%தான், முறை தவறு" என்று சொல்லக்கூடாது. கரைப்பு முறைக்கான மதிப்பு தனியே கொடுத்திருந்தால் அதைப் பாருங்கள்.

#10 உப்பளம்

கையில் பிடிக்கும் எக்ஸ்.ஆர்.எஃப். துப்பாக்கி வாடகைக்குக் கிடைத்தால் வயலிலேயே முடித்துவிடலாமே?

#11 அமிலக்குடுவை

குரோமியம், நிக்கல், செம்பு, துத்தநாகத்துக்கு ஓரளவு சரி. மண் காய்ந்திருக்கணும், ஈரம் 20% தாண்டினால் எல்லாமே குறைவாகக் காட்டும். காட்மியத்துக்குப் பயனே இல்லை, நமக்கு வேண்டியது 0.2 அளவில், அதன் கண்டறியும் எல்லையோ பல மிகி/கிகி. ஈயம் கூடிய மண்ணில் ஆர்சனிக் நம்பக்கூடாது: ஆர்சனிக்கின் முதன்மைக் கோடு 10.54, ஈயத்தினுடையது 10.55 கிலோ எலக்ட்ரான் வோல்ட். கருவியால் பிரிக்க முடியாது, கணக்கில் கழிக்கத்தான் முடியும். எங்கே குழி வெட்டலாம் என்று தேர்ந்தெடுக்க வைத்துக்கொள்ளுங்கள்.

#12 ஏர்க்கால்

அடிமண் முடிவு வந்துவிட்டது. மேல்மண்ணின் மிச்சத்தையும் சேர்த்து ஒரே தொகுதியில் ஓட்டச் சொன்னேன். மேல்மண் எண்கள் முன்பு வந்தவையேதான். 60–80 செ.மீ.:

குரோமியம் 226
நிக்கல் 158
கோபால்ட் 41
செம்பு 71
துத்தநாகம் 97
ஈயம் 9
காட்மியம் 0.11
இரும்பு 8.5%

நிக்கல் அடியில்தான் கூடுதல். செம்பும் துத்தநாகமும் தலைகீழ்.

#13 கணக்குப்பிள்ளை

இதற்குத்தான் காத்திருந்தேன். ஒவ்வொன்றையும் இரும்பின் சதவீதத்தால் வகுத்துவிடுங்கள். முதலில் மேல்மண், அடுத்து அடிமண்:

நிக்கல்: 18.6, 18.6
குரோமியம்: 26.9, 26.6
கோபால்ட்: 4.9, 4.8
செம்பு: 11.8, 8.4
துத்தநாகம்: 15.1, 11.4
ஈயம்: 1.7, 1.1

முதல் மூன்றும் இரும்போடு கயிறு கட்டியதுபோல் நகர்கின்றன. நிக்கலும் குரோமியமும் பாறையிலிருந்து வந்தவை, அந்த விவகாரம் முடிந்தது. அறிக்கையில் "மாசு" என்று முத்திரை குத்தியதில் நிக்கலும் குரோமியமும் தவறு. செம்பு மட்டும் சரியாக அமைந்துவிட்டது, அதுவும் தவறான காரணத்தால்.

செம்பு எவ்வளவு மிகை? அடிமண் விகிதப்படி மேல்மண்ணில் இருந்திருக்க வேண்டியது 7.8 × 8.35 = 65. இருப்பது 92. மிகை 27. துத்தநாகத்தில் 89 எதிர்பார்ப்பு, மிகை 29. இரும்பு உட்பட ஒவ்வொரு அளவீட்டுக்கும் ±10% பிழை வைத்தால் செம்பின் மிகைக்கு ஏறத்தாழ ±15, துத்தநாகத்துக்கு ±19. இரண்டும் பிழையைத் தாண்டி நிற்கின்றன.

எடையாக மாற்றுவோம். 20 செ.மீ. ஆழம், பருமன் அடர்த்தி 1.3 என்றால் எக்டேருக்கு 2600 டன் மண். ஒரு மிகி/கிகி என்பது எக்டேருக்கு 2.6 கிலோ. செம்பு 70 கிலோ, துத்தநாகம் 75 கிலோ வெளியிலிருந்து வந்திருக்கிறது. இவ்வளவு எடை காற்றில் தூசியாக வந்து சேராது. யாரோ கையால் போட்டிருக்க வேண்டும்.

#14 உப்பளம்

செம்பும் துத்தநாகமும் ஜோடியாக ஏறினால் அமிலக்குடுவை சொன்ன பித்தளைச் சல்லடையாக இருக்கலாமே. அதோடு செடி வேர் ஆழத்திலிருந்து துத்தநாகத்தை இழுத்து, இலை உதிர்ந்து மேல்மண்ணில் சேர்க்கும். காட்டு மண்ணில்கூட மேலே துத்தநாகம், காட்மியம், ஈயம் கூடுதலாகத்தான் இருக்கும். மேல்-கீழ் விகிதம் 1-ஐத் தாண்டினாலே மனிதன் செய்தது என்று சொல்வது எனக்கு உடன்பாடில்லை.

#15 கணக்குப்பிள்ளை

பித்தளை என்றால் அடிமண்ணும் அதே சல்லடையில்தான் சலித்தது, அங்கேயும் ஏறியிருக்கும், கழித்தலில் அடிபட்டுப் போகும். சாதாரணப் பித்தளையில் செம்பு துத்தநாகத்தின் இரண்டு மடங்கு; இங்கே ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்று. பித்தளை இல்லை.

வேர் இழுப்பது பற்றி நீங்கள் சொன்னது காட்மியத்துக்கும் ஈயத்துக்கும் ஒப்புக்கொள்கிறேன், அங்கே மிகை சின்னது. துத்தநாகத்தில் ஒரு பங்கு அப்படி வந்திருக்கலாம். 70 கிலோ செம்பை வேர் இழுத்திருக்காது. அறுவடையோடு ஆண்டுக்கு எக்டேருக்குச் சில பத்துக் கிராம் செம்புதான் வெளியே போகிறது. வேர் மேலே கொண்டுவருவதும் அந்த மட்டத்தில்தான் இருக்கும்.

#16 தாதுமணல்

இன்னொரு பக்கமும் பாருங்கள். வெடிக்கும் களி. கோடையில் வெடிப்புக்குள் மேல்மண் சரிந்து விழும், மழையில் களி உப்பி அடைத்துக்கொள்ளும். இப்படி மண் தன்னைத்தானே புரட்டிக்கொள்கிறது. 60–80 செ.மீ. என்பது இந்த மண்ணில் முழுச் சுத்தமான அடிமண் இல்லை. மேலே போட்ட செம்பில் கொஞ்சம் அங்கேயும் இறங்கியிருக்கும். ஆகவே உண்மையான மிகை 27-க்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கும், கீழே இருக்காது. மக்கிய பாறை அடுக்கிலிருந்து ஒரு மாதிரி கிடைத்தால் அடிக்கோடு உறுதியாகும்.

பொதுவாகவே அடிமண்ணை மந்திரக்கோலாக்க வேண்டாம். மேலே வேறு ஆற்றின் வண்டல் படிந்து கீழே பாறை மண் இருந்தால் இரண்டும் இரண்டு தாய்ப்பொருள், ஒப்பீடே செல்லாது. டைட்டானியத்துக்கும் சிர்கோனியத்துக்கும் உள்ள விகிதம் இரண்டு ஆழத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. அதற்கு முழு அளவு வேண்டும், எக்ஸ்.ஆர்.எஃப். போதும்.

#17 ஏர்க்கால்

பதிவேட்டில் இருப்பது: முன்பு நெடுநாள் திராட்சை, காப்பர் ஆக்சிகுளோரைடு அடித்தது. பிறகு தானியம், ஓராண்டு விட்டு ஓராண்டு துத்தநாக சல்பேட். பாஸ்பேட் உரம் தொடர்ந்து.

#18 மண்புழு77

அப்போ கணக்கு நேராகிவிட்டது. 50% காப்பர் ஆக்சிகுளோரைடு எக்டேருக்கு 2.5 கிலோ ஒரு தடவை அடித்தால் 1.25 கிலோ செம்பு. 70 கிலோவுக்கு 56 தடவை. திராட்சைக்குப் பருவத்துக்கு நாலைந்து தடவை என்றால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் ஓடியிருக்கும், நடக்கக்கூடியதுதான். செம்பு மண்ணில் விழுந்தால் இறங்காது, கரிமப்பொருளோடு ஒட்டிக்கொண்டு மேலேயே நிற்கும். ஐரோப்பாவில் ஏழு ஆண்டில் மொத்தம் 28 கிலோ என்று எல்லை வைத்தது இதனால்தான்.

துத்தநாக சல்பேட் 25 கிலோ போட்டால் ஐந்தரை கிலோ அளவுக்குத் துத்தநாகம். 75 கிலோவுக்கு 13–14 தடவை. இதில் ஒரு வேடிக்கை: மொத்தம் 118 இருந்தும் பி.எச். 7.9-இல் பயிருக்குக் கிடைப்பது பற்றாக்குறையாக இருக்கலாம். மொத்தத்தைப் பார்த்துவிட்டுத் துத்தநாக உரத்தை நிறுத்திவிடாதீங்க, பயிர் ஏற்கும் அளவைப் பார்த்து முடிவு செய்யுங்க.

#19 உப்பளம்

காட்மியம் 0.11-இலிருந்து 0.22-க்கு ஏறியது பாஸ்பேட் உரத்தாலா?

#20 கணக்குப்பிள்ளை

ஒரு பங்கு. ஐரோப்பிய எல்லையான ஒரு கிலோ பாஸ்பரஸ் பென்டாக்சைடுக்கு 60 மிகி காட்மியம் உள்ள உரத்தை, எக்டேருக்கு ஆண்டுக்கு 60 கிலோ பென்டாக்சைடு வரும்படி போட்டால் 3.6 கிராம் காட்மியம். 2600 டன் மண்ணில் அது 0.0014 மிகி/கிகி. நாற்பது ஆண்டு விடாமல் போட்டாலும் 0.055. இழப்பே இல்லை என்று வைத்தும் 0.11 மிகையில் பாதிதான் வருகிறது. கடலடிப் படிவுப் பாறையிலிருந்து செய்த உரத்தில் காட்மியம் கூடுதல், தீப்பாறை பாஸ்பேட்டில் மிகக் குறைவு. எது வந்தது என்று தெரியாமல் இதற்கு மேல் துல்லியம் கிடைக்காது. மிச்சம் உப்பளம் சொன்ன வேர் சுழற்சி. காட்மியத்தை இரும்பால் வகுப்பதில் அர்த்தம் குறைவு, அதனால்தான் #13-இல் அதைச் சேர்க்கவில்லை.

எப்படியானாலும் 0.22 கவலைப்படும் எண்ணல்ல. சீனாவின் 2018 விவசாய மண் தரத்தில் நெல் அல்லாத நிலத்துக்கு பி.எச். 7.5-க்கு மேல் சோதனை எல்லை 0.6.

#21 ஏர்க்கால்

நிக்கல் 145 இயற்கை என்றே வைத்துக்கொள்வோம். இயற்கை என்பதால் பயிருக்கும் சாப்பிடுபவருக்கும் பாதுகாப்பு என்று ஆகிவிடுமா?

#22 தாதுமணல்

ஆகாது. ஜூரா மலைச் சுண்ணாம்புப் பாறை மண்ணில் காட்மியம் 1-ஐத் தாண்டுவது இயற்கை. ஜமைக்காவின் சில பகுதிகளில் பத்துக்கணக்கில் போகிறது, அதுவும் இயற்கை. கருங்களிப்பாறை மண்ணிலும் காட்மியம் உயரும். எங்கிருந்து வந்தது என்பது பொறுப்பு யாருடையது என்று சொல்லும். செடி எவ்வளவு எடுக்கும் என்பதைத் தீர்மானிப்பது அது எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதும் பி.எச்.சும்.

குரோமைட்டில் அடைந்த குரோமியம் கிட்டத்தட்டக் கல். பாறை நிக்கலில் பெரும்பகுதி சிலிக்கேட்டிலும் இரும்பு ஆக்சைடிலும் கட்டுண்டது. ஆனால் வெடிக்கும் களியின் கனிமத்தில் நிக்கல் ஒரு பங்கு இளகலாகவும் இருக்கும், பி.எச். 5.5-க்கு இறங்கினால் வெளியே வரும். எதிர்ப்புறம், மொத்தம் வெறும் 0.3 காட்மியம் உள்ள அமில மணல் மண்ணில் விளைந்த கீரை, 1.5 உள்ள சுண்ணாம்பு மண் கீரையை மிஞ்சிவிடலாம்.

சட்ட எல்லை வேறு கதை. ஐரோப்பியக் கழிவுச்சேற்று உத்தரவு 86/278-இல் பி.எச். 6–7 மண்ணுக்கு நிக்கல் எல்லை 30 முதல் 75. பி.எச். எப்போதும் 7-க்கு மேல் இருந்தால் 50% கூட்டலாம், அப்படியும் 112.5. இந்த வயல் இயற்கையாகவே அதைத் தாண்டி நிற்கிறது. அந்த விதி செல்லும் இடத்தில் இப்படி மண்ணுக்குச் சேறு போட முடியாது என்பதுதான் அதன் பொருள். மண்ணைத் தோண்டி அகற்று என்றல்ல.

#23 அமிலக்குடுவை

அடுத்த படி, பயிர் ஏற்கக்கூடிய அளவை மதிப்பிடும் டி.டி.பி.ஏ. சாறு. 0.005 மோலார் டி.டி.பி.ஏ., 0.01 மோலார் கால்சியம் குளோரைடு, 0.1 மோலார் ட்ரை எத்தனால் அமீன், பி.எச். 7.3-க்குச் சரிசெய்தது. 10 கிராம் மண்ணுக்கு 20 மி.லி., 2 மணி நேரம் குலுக்கி வடிகட்டுவது. இது நடுநிலை, கார மண்ணுக்கென்றே அமைந்த முறை, உங்கள் 7.9-க்குப் பொருந்தும். குலுக்கும் நேரமும் வெப்பமும் மாறினால் எண் மாறும், ஏனென்றால் இரண்டு மணியில் சமநிலை எட்டுவதில்லை. வேறு ஆய்வகத்தின் டி.டி.பி.ஏ. எண்ணோடு ஒப்பிடுமுன் இதைக் கேளுங்கள்.

நிக்கல், செம்பு, துத்தநாகம் மூன்றும் பாருங்கள். குரோமியத்துக்கு இந்தச் சாறு எதுவும் சொல்லாது. அங்கே கவலை, நச்சு மிகுந்த ஆறு இணைதிற குரோமியம். மாங்கனீசு ஆக்சைடு மூன்றிணைதிறக் குரோமியத்தைச் சிறிதளவு ஆக்சிஜனேற்றும். சந்தேகம் இருந்தால் ஈர மண்ணிலேயே பொட்டாசியம் பாஸ்பேட் சாறு எடுத்து உடனே அளக்கணும். உலர்த்தி அரைத்து மாதக்கணக்கில் வைத்த மண்ணில் அளந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

#24 ஏர்க்கால்

டி.டி.பி.ஏ. கொடுத்துவிட்டேன். மக்கிய பாறை அடுக்குக்கு 120 செ.மீ. வரை போகணும் போல. திராட்சை இருந்த பாதியையும் இல்லாத பாதியையும் தனித்தனியாக எடுக்கலாம் என்றிருக்கிறேன்.

#25 கணக்குப்பிள்ளை

தனித்தனியாகவே எடுங்கள். பந்தல் வரிசை இருந்த கோடு தெரிந்தால் வரிசையிலும் வரிசைக்கு நடுவிலும் பிரித்து எடுங்கள். செம்பு வரிசையடியில் குவிந்திருக்கும். சராசரி 92 என்பது வரிசையில் 115, நடுவில் 70 என்று பிரிந்து நிற்கலாம். துத்தநாகம் வயல் முழுக்கச் சமமாக வந்து, செம்பு மட்டும் வரிசையைப் பின்பற்றினால் இரண்டின் மூலமும் வேறு என்பது அதிலேயே தெரிந்துவிடும். எண்களை இங்கேயே போடுங்கள், இரும்பையும் மறக்காமல் அளக்கச் சொல்லுங்கள்.